நர்சம்மா, நர்சரி, நாத்தங்கால்

எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் "நர்சரி வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று கிளம்பினால், எங்கே போகிறார் என்று உடனே சொல்லிவிட முடியாது. கையில் டிபன் டப்பாவும் அழுகிற பிள்ளையும் இருந்தால் பள்ளிக்கூடம். தூக்குவாளியோடு விடியற்காலை ஜீப்புக்கு நின்றால் மலைமேல் ஏலத்தோட்டம். மொபெட்டில் காலிச் சாக்கு கட்டியிருந்தால் தென்னங்கன்றோ மாங்கன்றோ வாங்கப் போகிறார். கம்பத்திலிருந்து தேனி போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போர்டு படித்துக்கொண்டே வந்தால் (எனக்கு அது ஒரு வியாதி) நர்சரி கார்டன், நர்சரி அண்ட் பிரைமரி ஸ்கூல், நர்சிங் ஹோம், நர்சிங் காலேஜ் என்று இந்த ஒரே வார்த்தை விதவிதமாகச் சட்டை மாற்றிக்கொண்டு வந்துகொண்டே இருக்கும்.

நான் அந்தக் கடைசி போர்டு ஆள். பி.எஸ்சி. நர்சிங், மூன்றாம் ஆண்டு, ஆண். இந்த மூன்றாவது தகவல்தான் இதை எழுதக் காரணம். கூடப் படிக்கிற மக்களுக்கு இந்தப் புலம்பல் பாதி தெரியும், பொறுத்துக்கொள்ளவும்.

என்னை என்னவென்று கூப்பிடுவது என்பது யாருக்கும் தெரியாது. வார்டுக்குள் நுழைந்தால் பாதிப் பேர் "டாக்டரு" என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொன்னதும் "அப்ப கம்பவுண்டரா?" என்பார்கள். கம்பவுண்டர் என்கிற உத்தியோகமே வழக்கொழிந்து எவ்வளவோ காலம் ஆச்சு! கூட வேலை செய்கிற அக்காக்களை "சிஸ்டர்" என்று கூப்பிடுவதால் என்னை "பிரதர்" ஆக்கினார்கள். அது என்னவோ ஜெபக்கூட்டத்தில் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். வருசநாட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி மட்டும் குழப்பமே இல்லாமல், "ஏய்யா நர்சம்மா, இந்த ஊசிய செத்தப் பாரு, பொசுக்குன்னு நின்னு போச்சு" என்று டிரிப் பாட்டிலைக் காட்டியது. வார்டே சிரித்தது. எனக்கென்னவோ அதுதான் பிடித்திருந்தது :-)

வீட்டில் கதை வேறு. அப்பா சொந்தக்காரர்களிடம் "பையன் மெடிக்கல் லைன்ல படிக்கிறான்" என்பார். கேட்கிறவர் டாக்டருக்கு என்று எடுத்துக்கொண்டால் அப்பா திருத்துவதும் இல்லை, பொய் சொல்வதும் இல்லை. அந்த மௌனத்தில் நான் என்ன செய்வது என்று தெரியாமல் மிக்சர் தின்றுகொண்டிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தோண்ட ஆரம்பித்தேன். லத்தீனில் 'நூட்ரிரே' என்றால் ஊட்டுவது, வளர்ப்பது. அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தபோது நர்ஸ் என்றால் பிறர் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்க்கிற பெண். நோயாளி, ஊசி, வெள்ளை உடுப்பு எல்லாம் ரொம்பப் பின்னாடி. நியூட்ரிஷன், நர்ச்சர், நர்சரி எல்லாமே இவளுக்கு ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். இன்னைக்கும் 'நர்சிங் மதர்' என்றால் பாலூட்டும் தாய். முதலாண்டில் எங்கள் வகுப்பில் ஒருத்தன் அதை "நர்சிங் படிக்கிற அம்மா" என்று மொழிபெயர்த்தான். (பெயர் சொல்ல மாட்டேன், டீ வாங்கித் தந்திருக்கிறான்.)

இங்கிலீஷ்காரன் இந்த வார்த்தையை இன்னும் எதற்கெல்லாம் வைத்திருக்கிறான் தெரியுமா? ஒரே கிளாசை மணிக்கணக்காக வைத்து உறிஞ்சுவதும் 'நர்ஸ்' பண்ணுவதுதான். நம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு பேப்பர் முழுக்கப் படிக்கிற பெரியவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் நர்ஸ்கள்தான். மனசுக்குள் ஒரு கோபத்தை வைத்து வளர்ப்பதும் அதேதான். இதில் ஆச்சரியம் என்னவென்றால் நாமும் அதே உருவகத்தைத்தான் பிடித்திருக்கிறோம். பிள்ளை வளர்க்கிறோம், மாடு வளர்க்கிறோம், பகை வளர்க்கிறோம். ஊட்டினால் வளரும், விட்டால் சாகும் என்கிற எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். அப்புறம் நம்ம ஊர் இங்கிலீஷ் பேப்பர்களில் 'தொகுதியை நர்ஸ் பண்ணுகிறார்' என்று எழுதுவார்கள். அதற்கு எங்கள் மாவட்டத்தை மிஞ்ச ஆளில்லை. ஆண்டிபட்டி, போடி என்று முதலமைச்சர்களைப் பார்த்த தொகுதிகள். எம்.ஜி.ஆர். 1984 தேர்தலில் ஆண்டிபட்டியில் ஜெயித்தபோது நியூயார்க்கில் ஆஸ்பத்திரியில் இருந்தார். தொகுதியை அவர் நர்ஸ் பண்ணவில்லை, அவரைத்தான் நர்ஸ்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நர்சிங் ஹோம் இன்னொரு வேடிக்கை. நமக்கு அது பத்து இருபது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம், அப்பெண்டிக்ஸ் எல்லாம் அங்கேதான். அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு முதியோரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று அர்த்தம். "நான் நர்சிங் ஹோமில் பிறந்தேன்" என்று அங்கே சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இனி நம்ம வார்த்தைக்கு வருவோம். செவிலி.

சங்கப் பாட்டுச் செவிலி யாருக்கும் ஊசி போட்டதில்லை. பெற்றவள் நற்றாய், எடுத்து வளர்த்தவள் செவிலி. தலைவிக்கு உயிருக்கு உயிரான தோழி யாரென்று கேட்டால், அந்தச் செவிலியின் மகள்தான் என்று தொல்காப்பியம் இலக்கணமே சொல்கிறது. அதாவது தான் பெற்ற பிள்ளையையும் எஜமானி பெற்ற பிள்ளையையும் ஒன்றாக வளர்த்தவள். பழைய நூல்களில் பாராட்டும் தாய், ஊட்டும் தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என்று ஐவகைத் தாயர் பட்டியலே உண்டு. ஒரு குழந்தைக்கு இத்தனை ஷிப்ட்! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் உடன்போக்கு. பெண் காதலனோடு போய்விட்டால் நற்றாய் வீட்டில் இருந்து புலம்புவாள். வெயிலில், பாலைநிலத்தில், எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி "இப்படி ரெண்டு பேரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டுக்கொண்டே தேடிப் போகிறவள் செவிலி. கால் தேய்வது எப்பவும் இவளுக்குத்தான்.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ் என்று ஒரு புது ஆள் ஊருக்குள் வந்தபோது அவளுக்குத் தமிழில் ஒரு பெயர் தேவைப்பட்டது. சங்கப் பாட்டிலிருந்து செவிலியை எழுப்பிக் கூட்டி வந்துவிட்டார்கள். அழகான தேர்வுதான். ஆனால் செவிலி சுத்தமான பெண்பாற் சொல். மரியாதைக்குப் போட்ட 'யர்' புண்ணியத்தில்தான் "செவிலியர்" என்று நானும் அதில் ஒரு ஓரமாக நிற்க முடிகிறது.

ஈழத்திலும் சிங்கப்பூரிலும் செவிலியர் என்பதில்லை, தாதியர். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ஒன்றுவிட்ட அண்ணன் ஆகஸ்ட் 1 அன்று "தாதியர் தின வாழ்த்துகள்டா" என்று அனுப்பினார். (அங்கே அன்றைக்குத்தான் கொண்டாடுகிறார்கள், நமக்கு மே 12.) எனக்கு முதலில் சுருக்கென்றது. தாதி என்றால் எங்கள் காதில் அரண்மனை வேலைக்காரி அல்லவா! அகராதியைப் புரட்டினால், தாதி என்கிற ஒரே உருவத்தில் ரெண்டு வடசொற்கள் வந்து கலந்திருக்கின்றன. ஒன்று 'தாத்ரீ', பாலூட்டி வளர்க்கிறவள். இன்னொன்று 'தாஸீ', ஏவல் செய்கிறவள். வேறு வேறு வழியில் கிளம்பி வந்து தமிழ் நாக்கில் ஒரே சொல்லாகிவிட்டார்கள்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நான் வார்டில் தினமும் பார்ப்பது அதுதான். காலையில் "நீ எங்களுக்குத் தாய் மாதிரிம்மா" என்று கையெடுத்துக் கும்பிடுகிற அதே வீட்டு ஆள், மத்தியானம் பெட்பேன் எடுக்க ரெண்டு நிமிஷம் தாமதமானால் "ஏம்மா, சம்பளம் வாங்கலையா நீ?" என்று கத்துவார். தாய் அல்லது வேலைக்காரி. ரெண்டுக்கும் நடுவில், மூன்றோ நான்கோ வருஷம் உடற்கூறும் மருந்தியலும் படித்துத் தேர்வு எழுதிப் பதிவு பெற்ற ஒரு ஆள் நிற்கிறாள் என்பதற்கு நம் வார்த்தைகளில் இடமே இல்லை. என் மாதிரி ஒரு பையன் அந்த இடத்தில் நின்றால் தாய் என்றும் சொல்ல முடியவில்லை, வேலைக்காரி என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அத்தனை தடுமாற்றம் என்று நினைக்கிறேன்.

மத்திய அரசு 2016-ல் ஸ்டாஃப் நர்ஸ் என்கிற பெயரை 'நர்சிங் ஆபீசர்' என்று மாற்றியது. ஆண் பெண் பேதமில்லாத பெயர், ரொம்ப சந்தோஷம். ஆனால் 2019-ல் எய்ம்ஸ் பணிகளில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு என்று முடிவெடுத்தார்கள். பெயர் பொதுவாச்சு, நாற்காலி பொதுவாகலை. இதைச் சொன்னால் கூடப் படிக்கிற பெண்கள் "மத்த எல்லா வேலையிலயும் எண்பது உங்களுக்குத்தானடா, அதைக் கேட்டியா?" என்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்வி.

மலைமேலே போவோம். நர்சரி என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் எனக்கு முன்னாடியே இருந்தது. கூடலூரில் இருக்கும் என் அம்மாச்சி, ஜீப்பில் மலையேறிப் போய் ஏலத்தோட்ட நர்சரியில் பல வருஷம் வேலை பார்த்தது. மேட்டுப்பாத்தி போட்டு, விதையைத் தூவி, மேலே தழை மூடி, முளை விட்டதும் தழையை எடுத்து, பந்தல் நிழலில் காலையும் சாயங்காலமும் தண்ணீர் தெளித்து, களை பிடுங்கி, கன்று கொஞ்சம் தலையெடுத்ததும் அடுத்த பாத்திக்கு மாற்றி... ஒன்றரை வருஷம் ஆகும் ஒரு ஏலக்கன்று தோட்டத்துக்குப் போக. "பச்சப் புள்ள கணக்கா பாக்கணும்டா. வெயிலும் ஆகாது, தண்ணி நின்னாலும் ஆகாது" என்று அம்மாச்சி சொல்லும். நட்ட பிறகு காய்க்க இன்னும் ரெண்டு மூணு வருஷம். அந்தக் காயை எடுக்கப் போனது வேறு ஆட்கள், ஏலத்தில் விற்றது வேறு ஆட்கள். அம்மாச்சி வளர்த்த கன்று எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்று அதற்கே தெரியாது.

கீழே பள்ளத்தாக்கில் இதே வேலைக்குப் பெயர் நாத்தங்கால். முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி 14,707 ஏக்கர் இருபோக நெல் கம்பம் பள்ளத்தாக்கில். ஜூன் மாதம் தண்ணீர் திறந்ததும் ஊரே நாத்துப் பாவ ஆரம்பித்துவிடும். ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாத்தங்கால் போதும். அந்த எட்டு சென்ட் பச்சை மற்ற எல்லாப் பச்சையையும் தோற்கடிக்கும்! லோயர் கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வரும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். நர்சரி என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் இல்லை. பள்ளிக்கூட போர்டில் "மழலையர் மற்றும் தொடக்கப் பள்ளி" என்று எழுதியிருப்பதை எல்லாம் நாத்தங்கால் என்று மாற்றிவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. ஃபீஸ் ரசீதில் "நாத்தங்கால் கட்டணம்" என்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஏலத்தோட்டம் என்றால் தேனீயையும் சொல்லியாக வேண்டும். (ஊர் தேனி, பூச்சி தேனீ. மாற்றி எழுதுகிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்தில் மன்னிப்பு கிடையாது.) ஏலப்பூ ஒரு நாள்தான் இருக்கும், அதற்குள் தேனீ வந்து போனால்தான் காய் பிடிக்கும். அந்தக் கூட்டுக்குள் 'செவிலித் தேனீ' என்று ஒரு பிரிவு உண்டு. அது தனி சாதி இல்லை. வேலைக்காரத் தேனீ பிறந்து ஒரு வாரம் பத்து நாள் வயதில் அதன் தலைக்குள் இருக்கும் சுரப்பி பால் மாதிரி ஒன்றைச் சுரக்கும். அதை ஊட்டித்தான் புழுக்களையும் ராணியையும் வளர்க்கிறது. கொஞ்ச நாள் கழித்து அதே தேனீ கூடு கட்டும், காவல் நிற்கும், கடைசியில் பூவுக்குப் பறக்கும். எல்லோரும் ஒரு முறை நர்ஸாக இருந்துதான் ஆக வேண்டும் என்கிற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆண் தேனீக்கு அந்த வேலையே கிடையாது என்பதையும் படித்தேன். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

பேச வேண்டியது அத்தையைப் பற்றி. அத்தை கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்க பாஷையில் வி.எச்.என்., ஊர் பாஷையில் நர்சம்மா. மலைக் கிராமம் என்றால் மூவாயிரம் பேருக்கும் சமவெளி என்றால் ஐயாயிரம் பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்சம்மா. புதன்கிழமை தடுப்பூசி. மற்ற நாளெல்லாம் நடை. யார் வீட்டில் கர்ப்பம், யாருக்கு ரத்தம் கம்மி, யாருக்கு இது மூன்றாவது, எல்லாம் ஒரு நீளமான நோட்டில் இருக்கும்.

அந்த "யாருக்கு இது மூன்றாவது" என்பதுதான் விஷயம். இதைப் படிக்கிற வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மதுரை, தேனி வட்டாரத்தில் பெண் சிசுக்களை உயிரோடு விடாத வீடுகள் இருந்தன. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது, 2001-ல் தேனிக்கும் வந்தது. வளர்க்க முடியாது என்றால் கொல்லாதீர்கள், தொட்டிலில் போடுங்கள், அரசாங்கம் வளர்க்கும் என்று. கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தொட்டிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நடந்தது என் அத்தை மாதிரி ஆட்கள்தான்.

ஏற்கெனவே ரெண்டு பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்றாவதும் பெண் என்றால், அத்தை அடுத்த நாளே போய் நிற்கும். எடை பார்க்க வந்தேன் என்று சொல்லும். மறுநாளும் போகும். பால் குடிக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும். "தெனம் வர்றியே, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பார்களாம். "ஒங்க மேல நம்பிக்கை இருக்குத்தா, புள்ளைக்கு எடை கம்மியா இருக்கு" என்று அத்தை சொல்லுமாம். ரெண்டு பேருக்கும் எது உண்மை என்று தெரியும். எதிரில் நர்சம்மா, முதுகுக்குப் பின்னால் "புள்ளக் கணக்கு எடுக்கிறவ". சில வீடுகளில் வருஷக்கணக்கில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. நோட்டில் பெயர் எழுதி, அடுத்த முறை போகும்போது "காய்ச்சல் வந்து போயிருச்சு" என்று சொன்ன வீடுகளும் உண்டு. அவற்றைப் பற்றி அத்தையிடம் நான் ஒரு தடவைதான் கேட்டேன். "அந்த வீட்டுத் தெரு வழியா அப்புறம் நான் போறதில்லடா, சுத்திப் போவேன்" என்றது. அதற்கு மேல் பேசவில்லை, எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தது.

அப்போதெல்லாம் பிரசவம் பாதி வீட்டில், மருத்துவச்சி கையில். இன்று தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த எண்ணை எங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும்போது அத்தையின் செருப்பு ஞாபகம் வரும். வருஷத்துக்கு மூணு ஜோடி தேயும் என்று மாமா கேலி செய்வார்.

பிறர் பெற்ற பிள்ளையை உயிரோடு வைத்திருப்பவள். சங்கச் செவிலிக்கும் அத்தைக்கும் வித்தியாசம் மொபெட் மட்டும்தான்.

அத்தைக்காவது பென்ஷன் இருக்கிறது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று எதிர்பார்ப்பு. ஆகவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அந்தச் சமயத்திலும் "தாயைப் போன்ற செவிலியர்கள் நோயாளிகளைத் தவிக்க விடலாமா?" என்றுதான் கேட்டார்கள். கவனியுங்கள், சம்பளம் கேட்டால் உடனே தாய் ஆக்கிவிடுவார்கள். தாய் சம்பளம் கேட்கக் கூடாதல்லவா! மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் அதே 2017-ல் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் வீதிக்கு வந்தார்கள். 2018 ஏப்ரலில் அவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 என்று அங்கே அரசாணையே வந்துவிட்டது. குமுளி இங்கிருந்து ஒரு பஸ் டிக்கெட் தூரம். எங்கள் சீனியர்கள் பாதிப் பேர் மலையாளம் கற்றுக்கொள்வது சினிமா பார்க்க மட்டும் இல்லை.

2020 மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு நாடே தட்டைத் தட்டியது. எங்கள் தெருவிலும் தட்டினார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்களை வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்ன செய்திகளும் அடுத்தடுத்து வந்தன. அப்போது நான் ஸ்கூல் பையன். நர்சிங் எடுக்க வேண்டும் என்று அப்போது தோன்றியதா என்று கேட்டால் இல்லை. மார்க் அவ்வளவுதான் இருந்தது, அதுதான் உண்மை.

தோன்றியது இந்த வருஷம்தான். ஆண்கள் வார்டில் ஒரு பெரியவர், திராட்சைத் தோட்டக்காரர், பக்கவாதம். விழுங்க முடியாது. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருநூறு மில்லி கஞ்சி. தலைப்பக்கத்தை உயர்த்தி, டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று சரிபார்த்து, சிரிஞ்சைப் புனல் மாதிரி பிடித்துக்கொண்டு, தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். அழுத்தக் கூடாது, அவசரப்படக் கூடாது. கடைசியில் கொஞ்சம் தண்ணீர். அவர் மகன் பக்கத்தில் நின்று பார்ப்பார், தொடப் பயம். நாலாம் நாள் அவர் கேட்டார்: "தம்பி, இதுக்குப் படிக்கணுமா?" கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். "வேகமா ஊத்துனா நுரையீரலுக்குப் போயிரும்ண்ணே, அதுக்குத்தான் படிக்கிறது" என்றேன். அப்புறம் அவர் கையில் சிரிஞ்சைக் கொடுத்து உயரம் எவ்வளவு என்று காட்டினேன். கை நடுங்க, அப்பாவுக்கு ஊட்டினார். நூட்ரிரே என்று யாரோ எழுதி வைத்தது இதைத்தான் போல.

கடைசியாக ஒன்று. சிலப்பதிகாரம் பள்ளிக்கூடத்தில் மதுரையை எரிப்பதோடு முடிந்துவிடும். வஞ்சிக் காண்டத்தில் வாழ்த்துக் காதையை யாரும் நடத்துவதில்லை. கண்ணகி போன செய்தி கேட்டுப் பெற்ற தாய் உயிரை விட்டுவிட்டாள். ஆனால் வளர்த்த செவிலி (இளங்கோ அவளைக் காவற்பெண்டு என்கிறார்) புகாரிலிருந்து கிளம்பி விட்டாள். கூட அடித்தோழி, தேவந்தி. மதுரைக்கு வந்து மாதரி மகள் ஐயையையும் கூட்டிக்கொண்டு, வையைக் கரையைப் பிடித்து நடந்து, மலையேறி, கண்ணகி கோயிலுக்குப் போய், செங்குட்டுவன் முன்னால் நின்று தாங்கள் யார் என்று சொல்கிறார்கள். பெற்றவளிடமும், வளர்த்த என் தாயிடமும், என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று தோழி ஆற்றாமைப்படுகிறாள். செவிலி தன்னைப் பணிப்பெண் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அரசனிடம் அவள் சொல்வது, அந்தப் பெண்ணுக்கு நான் தாய் என்று.

வையைக் கரையைப் பிடித்து மலையேறினால் எங்கே வரும்? எங்கள் ஊருக்குத்தான் வரும். அந்தக் குறிப்பையும் வைத்துக்கொண்டுதான் பேராசிரியர் சி.கோவிந்தராசனார் தேடி வந்து, கூடலூருக்கு மேலே எல்லை மலையில் இருக்கிற மங்கலதேவி கோயிலே அது என்று 1963-ல் அடையாளம் காட்டினார். அப்படியென்றால் அந்தச் செவிலி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று நான் தினமும் பஸ்ஸில் போகிற இதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் நடந்திருக்க வேண்டும்.

சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் அந்தக் கோயிலுக்கு அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், பளியன்குடியிலிருந்து காட்டுக்குள் ஏறியும் போகலாம். ரெண்டு மாநிலமும் வழியில் மருத்துவக் குழுக்களை நிறுத்தும். போன தடவை போன சீனியர் அண்ணன் சொன்னது: மூச்சுத் திணறல், கால் பிடிப்பு, காலையில் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஏறிச் சர்க்கரை இறங்கினவர்கள், பெரும்பாலும் வயசான பெண்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டதாம். அடுத்த தடவைக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். பாக்கெட் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல செருப்பு ஒன்று வாங்க வேண்டும், அத்தையிடம் எந்தக் கடை என்று கேட்டிருக்கிறேன்.